கேட்காமல் விட்ட கேள்வி: கனெக்டட் கார் டெஸ்டிங்கின் கதை



போன மாதம் எங்கள் துறையில் கேம்பஸ் ரிசல்ட் வந்தது. நண்பன் ஒருவனுக்கு கார் எலக்ட்ரானிக்ஸ் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. ட்ரீட் கேட்கலாம் என்று போனால், ஆள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "என்னடா?" என்றால், "டெஸ்டிங்டா. கனெக்டட் கார் டெஸ்ட் என்ஜினியர். டெவலப்மென்ட் கிடைக்கலை" என்கிறான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசினார்கள். நானும்தான்.

அதே வேலையை நாலு வருடமாகச் செய்யும் சீனியர் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "2015-ல அந்த ஜீப்புக்கு என்ன ஆச்சுன்னு படி தம்பி. அப்புறம் போய் அவனுக்கு ஆறுதல் சொல்லு" என்றார்.

படித்தேன். ஒன்றைத் தொட்டு இன்னொன்று என்று 1983 வரைக்கும் பின்னால் போய்விட்டேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கனெக்டட் கார் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சிம் இருந்து, மொபைல் நெட்வொர்க் வழியாக வெளி உலகத்தோடு பேசும் கார். வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் ஏசியைப் போடலாம், கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று சோதிப்பவர்தான் நம் கதாநாயகர்.

இரண்டு கம்பி வந்த கதை

1980களில் கார்களுக்குள் எலக்ட்ரானிக்ஸ் வேகமாக நுழைந்தது. என்ஜினுக்கு ஒரு குட்டிக் கணினி, பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மற்றதோடு பேசத் தனித்தனி கம்பி இழுத்தால் கார் முழுக்க கம்பிக் கட்டாகிவிடும். எடையும் கூடும், செலவும் கூடும், ரிப்பேர் வந்தால் எந்தக் கம்பி என்று தேடியே பொழுது போய்விடும்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் இதற்கு ஒரு வழி தேட ஆரம்பித்தது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டில் அதை அறிவித்தது. அதன் பெயர் கேன் பஸ். இரண்டே கம்பிகள், எல்லாக் கணினிகளும் அந்த இரண்டிலேயே தொங்கும். 1991-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்தான் இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது. இன்று உங்கள் தெருவில் நிற்கும் கார்களிலும் பெரும்பாலும் அதே கேன் பஸ்தான் ஓடுகிறது.

இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. கல்யாண மண்டபத்தில் மைக்கில் "பந்தி ரெடி, சாப்பிட வாங்க" என்று யாரோ சொல்கிறார்கள். சொன்னது மாப்பிள்ளையின் சித்தப்பாவா, சமையல்காரரா, மைக்கைப் பிடுங்கிய சின்னப் பையனா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்து போகிறோம். கேன் பஸ்ஸும் அப்படித்தான். ஒரு செய்தியில் அது எதைப் பற்றியது என்று சொல்லும் ஒரு எண், அதன் பின்னால் அதிகபட்சம் 8 பைட் தகவல். அனுப்பியவர் யார் என்று எழுத அதில் இடமே கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், சின்ன எண் உள்ள செய்தி ஜெயிக்கும். அவ்வளவுதான் சட்டம்.

இது பாஷ் பொறியாளர்கள் செய்த தப்பு இல்லை. மண்டபத்துக்குள் சொந்தக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். அந்நியர் உள்ளே வர வழியே இல்லாதபோது அடையாள அட்டை எதற்கு?

அன்றைய டெஸ்ட் என்ஜினியரின் வேலையும் அதற்கேற்ற மாதிரிதான். கம்பி சரியாக இருக்கிறதா, செய்தி நேரத்துக்கு வருகிறதா, சூட்டிலும் குளிரிலும் தாங்குகிறதா, பக்கத்தில் மின் இரைச்சல் இருந்தால் குழம்புகிறதா. அக்கா சொன்ன ஒரு விஷயம்: இப்போதும் மேசையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தானாம். கேன் பஸ்ஸின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை கழன்றிருக்கிறது. நாம் இரண்டாம் செமஸ்டரில் தூங்கி வழிந்தபடி படித்த பேரலல் ரெசிஸ்டன்ஸ் கணக்கு அங்கே தினமும் சோறு போடுகிறது!

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: சொன்னதைச் செய்கிறதா?

காருக்குள் போன் வந்தது

1996-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஸ்டியரிங்குக்கு அருகே ஒரே மாதிரியான 16 முனை சாக்கெட் இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. மெக்கானிக் தன் கருவியைச் சொருகி, கோளாறு என்ன என்று படிப்பதற்காக. அதே வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் ஆன்ஸ்டார் என்ற சேவையை அறிவித்து, 1997 மாடல் கேடிலாக் கார்களில் கொண்டுவந்தது. காருக்குள்ளேயே செல்போனும் ஜிபிஎஸ்ஸும். விபத்தில் ஏர்பேக் விரிந்தால் கார் தானே கால் சென்டரை அழைத்து, இருக்கும் இடத்தையும் சொல்லும்.

நடு ராத்திரியில், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், நினைவில்லாமல் கிடப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஐரோப்பிய யூனியன் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில் இதே மாதிரி அவசர அழைப்பு வசதியைக் கட்டாயமே ஆக்கிவிட்டது.

ஆனால் ஏர்பேக் விரிந்தது போனுக்குத் தெரிய வேண்டுமென்றால், போன் கேன் பஸ்ஸோடு இணைந்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்து மைக்கிலிருந்து தெருவுக்கு ஒரு வயரை இழுத்துவிட்டோம்.

டெஸ்ட் என்ஜினியரின் வேலைப் பட்டியல் நீண்டது. சுரங்கப் பாதையில் சிக்னல் போனால்? மாநில எல்லையில் நெட்வொர்க் மாறினால்? அழைப்பு பாதியில் அறுந்தால்? சாவியை எடுத்த பிறகு இந்தப் பெட்டி ஒழுங்காகத் தூங்கப் போகிறதா? தூங்காமல் முழித்துக்கொண்டே இருந்தால் சில நாட்களில் பேட்டரி காலி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஒரு கேள்வி மட்டும் லேப் மேசையில் பதில் கிடைக்காதது. கார் 15 வருடம் ஓடும். நெட்வொர்க் அவ்வளவு காலம் இருக்குமா? ஆன்ஸ்டாரின் ஆரம்ப காலக் கார்களில் இருந்தவை அனலாக் போன்கள். 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு அனலாக் சேவை தரத் தேவையில்லை என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் முடிவு செய்தது. டிஜிட்டலுக்கு மாற்ற முடியாத பழைய கார்களில் அந்த அவசர பட்டன் வெறும் பட்டனாகிவிட்டது. கார் நல்ல நிலையில்தான் இருந்தது; மறுமுனைதான் இல்லை. 2022-ல் அங்கே 3ஜி நிறுத்தப்பட்டபோது இதே கதை மறுபடி நடந்தது.

ஐபாடில் வந்த ஆபத்து

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. 2010-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன. கார்ல் கோஷர், தடயோஷி கோனோ, ஸ்டீஃபன் சாவேஜ் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் காரை ஓட்டி, அந்த 16 முனை சாக்கெட்டில் ஒரு லேப்டாப்பைச் சொருகினார்கள். பக்கத்தில் ஓடிய இன்னொரு காரிலிருந்து அந்த லேப்டாப்பை இயக்கி, பிரேக்கைச் செயலிழக்க வைத்தார்கள், என்ஜினை நிறுத்தினார்கள், ஸ்பீடோமீட்டரில் பொய் வேகம் காட்டினார்கள்.

அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கிய இடம் வேறு. ஓடும் காரில் ஒரு கணினியின் பேச்சை நிறுத்தச் சொல்லும் கட்டளை வந்தால், அது ஆபத்து என்பதால் மறுக்க வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. இவர்கள் சக்கரம் சுற்றும்போதே அந்தக் கட்டளையை அனுப்பினார்கள். கணினிகள் மறுக்கவில்லை, அமைதியாகக் கீழ்ப்படிந்தன.

யோசித்துப் பாருங்கள். கட்டளை கொடுத்தால் செய்கிறதா என்று சோதிப்பது எளிது, நமக்கு உடனே தோன்றும். மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்கிறதா என்று சோதிக்க ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

"காருக்குள் புகுந்து வயரைச் சொருகினால் எதுவும்தான் செய்யலாம், இது பெரிய விஷயமா?" என்று பலரும் கேட்டார்கள். 2011-ல் அதே குழு பதில் சொன்னது. இந்த முறை காரைத் தொடவே இல்லை. பாட்டு சிடி வழியாக உள்ளே போனார்கள், புளூடூத் வழியாகப் போனார்கள். கடைசியாக, அலுவலகத் தொலைபேசியிலிருந்து காரின் எண்ணுக்கு டயல் செய்து, ஐபாடில் பதிவு செய்து வைத்திருந்த ஒலியை ரிசீவர் அருகே ஒலிக்க விட்டார்கள். கார் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஏதோ ஷங்கர் படக் காட்சி மாதிரி இருக்கிறது, இல்லையா?

எப்படி முடிந்தது? காரின் மோடம் மென்பொருளை ஒரு நிறுவனம் எழுதியது. அது 1024 பைட் வரை உள்ள பொட்டலங்களை ஏற்கும். அதைக் காரோடு ஒட்டவைக்கும் மென்பொருள் வேறு இடத்தில் எழுதப்பட்டது. அது, பொட்டலம் சுமார் 100 பைட்டைத் தாண்டாது என்று நம்பியது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே பாஸ். சேர்ந்த இடத்தில்தான் ஓட்டை. அவர்கள் கண்ட ஓட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படி ஒருவர் எழுதியதும் இன்னொருவர் எழுதியதும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் இருந்தன.

கடவுச்சொல் சோதனையிலும் ஒரு பிழை. தவறான பதில்களிலும் குறிப்பிட்ட வடிவில் இருந்தால் 256-ல் ஒன்று சரி என்று ஏற்கப்பட்டுவிடும். விடாமல் டயல் செய்துகொண்டே இருந்தால் கதவு திறந்துவிடும். தவறான கடவுச்சொல்லை ஒரு தடவை கொடுத்து, "மறுத்துவிட்டது, பாஸ்" என்று டிக் அடித்தால் இது தெரியவே தெரியாது. 1000 தடவை கொடுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

2015 ஜூலை: நெடுஞ்சாலையில் ஒரு ஜீப்

அக்கா சொன்ன ஜீப் இதுதான். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2013-லேயே வயர் சொருகி இரண்டு கார்களைக் கட்டுப்படுத்திக் காட்டியவர்கள். அப்போதும் அதே "வயர் சொருகினால் எதுவும்தான் முடியும்" பதில்தான் வந்தது.

2015-ல் வயர்ட் பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க்கை ஒரு ஜீப் செரோக்கியில் உட்கார வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர் வேகம். மில்லர் வீட்டு சோபாவில் இருவரும் லேப்டாப்போடு. முதலில் ஏசி முழு வேகத்தில் அடித்தது. ரேடியோ அலறியது, நிறுத்த முடியவில்லை. வைப்பர் ஓடிக் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, வண்டி போகவில்லை. பின்னால் லாரிகள், ஒதுங்கி நிற்க ஓரமும் இல்லை. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாகப் போகும்போது பிரேக்கையும் பிடுங்கினார்கள். ஜீப் பள்ளத்தில் போய் இறங்கியது.

நெட்வொர்க் பாடம் படித்தவர்கள் அடுத்ததைக் கவனியுங்கள். ஜீப்பின் பாட்டு, வரைபடம் எல்லாம் காட்டும் திரைக் கணினியில் 6667 என்ற போர்ட் மொபைல் நெட்வொர்க் பக்கம் திறந்தே கிடந்தது. ஸ்பிரிண்ட் நெட்வொர்க்கில் இருந்துகொண்டு எந்த ஊரிலிருந்தும் அதைத் தொடலாம். கடவுச்சொல் இல்லை. உள்ளே இருந்த ஒரு சேவையில், கொடுக்கும் கட்டளையை அப்படியே ஓட்டும் ஒரு வசதி. அதன் பெயரே 'எக்ஸிக்யூட்'! பூட்டை உடைக்கவே தேவையில்லை, கதவு திறந்திருந்தது, உள்ளே "என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு ஆள் வேறு நின்றார்.

அங்கிருந்து கேன் பஸ்ஸுக்கு நேரடி வழி இல்லைதான். நடுவில் ஒரு சிப் காவல் நின்றது. ஆனால் அந்தச் சிப்பின் மென்பொருளை மாற்றும்போது, புதியது உண்மையான தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்ததா என்று அது சரிபார்க்கவில்லை. இருவரும் அதற்குத் தங்கள் மென்பொருளை ஏற்றினார்கள். காவலாளியே கட்சி மாறிவிட்டார். மண்டபத்து மைக் தெருவில் போகிறவர் கைக்கு வந்துவிட்டது.

கட்டுரை வெளியான மூன்றாம் நாள், ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. சைபர் பாதுகாப்புக்காக நடந்த முதல் பெரிய ரீகால் இதுதான். ஸ்பிரிண்ட் தன் பக்கம் அந்த வழியை அடைத்தது. உரிமையாளர்களுக்குத் தபாலில் யூஎஸ்பி டிரைவ் போனது.

இத்தனைக்கும் அந்த போர்ட் திறந்திருப்பதைக் கண்டுபிடிக்க, நம் லேபில் செய்கிற ஒரு சாதாரண போர்ட் ஸ்கேன் போதும். பாட்டு கேட்டது, வரைபடம் வந்தது, போன் இணைந்தது. "சொன்னதைச் செய்கிறதா?" என்ற கேள்விக்கு அந்த ஜீப் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். யாரும் சொல்லாத எதையாவது செய்கிறதா? இதுதான் கேட்காமல் விட்ட கேள்வி.

அதற்குப் பிறகு

அதே 2015 ஜனவரியில் பிஎம்டபிள்யூவுக்கும் ஒரு சோதனை வந்தது. கார் தன் சர்வரோடு மறையாக்கம் இல்லாமல் பேசுவதையும், போலி நெட்வொர்க் வைத்துக் கதவைத் திறக்க முடிவதையும் ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி கண்டறிந்தது. 22 லட்சம் கார்கள். ஆனால் இங்கே யாரும் ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை, தபாலில் எதுவும் வரவில்லை. திருத்தம் காற்று வழியாகவே கார்களுக்குப் போனது.

காற்று வழி அப்டேட் பெரிய வரம்தான். 2016-ல் சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் காரில் ஓட்டை கண்டபோது, டெஸ்லா 10 நாளில் அடைத்துவிட்டது. ஆனால் வரத்தோடு சாபமும் உண்டு. 2023 நவம்பரில் அமெரிக்காவின் ரிவியன் நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. தவறான பாதுகாப்புச் சான்றிதழ்கள் கொண்ட தொகுப்பு போய்விட்டது. அதைப் பெற்ற வண்டிகளின் திரைகள் செயலிழந்தன. சோதித்த பொருளும் அனுப்பிய பொருளும் ஒன்றுதானா என்பதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது!

சட்டமும் மாறியது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் 2020 ஜூனில் 155, 156 எண்ணுள்ள இரண்டு விதிகள் ஏற்கப்பட்டன. முதலாவது சைபர் பாதுகாப்பு, இரண்டாவது மென்பொருள் அப்டேட். ஐரோப்பிய யூனியனில் 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் எல்லாப் புது வாகனங்களுக்கும் இவை கட்டாயம். எப்படிச் சோதித்தோம் என்று ஆதாரம் காட்டாவிட்டால் காரை விற்க முடியாது.

நம்ம ஊர் மேசையில்

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் கனெக்டட் கார் என்ற விளம்பரத்தோடு வந்த ஹூண்டாய் வென்யூ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையமே இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து உலகத்துக் கார்களைச் சோதிப்பவர்கள் ஏராளம்.

அக்காவின் ஒரு நாளைக் கேட்டேன். மேசையில் கார் இல்லை. காரின் பெட்டிகள் மட்டும். மீதிக் காரைக் கணினி நடிக்கிறது. "என்ஜின் ஓடுது, வேகம் 80" என்று அந்தப் பெட்டிகளை நம்ப வைப்பார்கள். பிறகு சிக்னலைத் துண்டிப்பது, அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்குவது, அபத்தமான செய்திகளை மழை மாதிரி அனுப்புவது, இரவு முழுக்க ஓட விட்டுக் காலையில் பல லட்சம் வரி லாக்கில் ஒரு தப்பைத் தேடுவது. "டெவலப்பர் 'என் மேசையில ஓடுதே'ம்பார். ஓடாத இடத்தைக் காட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

எல்லாம் சுகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சோதனை நாட்கள்தானாம். தப்பைக் கண்டுபிடித்தால் தாமதத்துக்குக் காரணம் டெஸ்டர். கண்டுபிடிக்காமல் விட்டாலும் காரணம் டெஸ்டர். அவர் தடுத்த விபத்து எந்தச் செய்தியிலும் வராது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை.

நேற்று நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கச் சமாதானம் ஆகிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த 6667-ஐ யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா போதும், இல்ல?" என்றான்.

ஆமாம். யாராவது ஒருத்தர். ஜூலையில் அவன் வேலையில் சேரப் போகிறான். ட்ரீட் இன்னும் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் நான் கேட்காமல் விடப் போவதில்லை :-)